பதிப்பு எண்ணை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது: லினக்ஸ் பேக்கேஜ் கட்டுபவர்களுக்கு

புத்தகங்களின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிக்கும் சிறு நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். சி++ மொழியில் எழுதியது. சொற்களைத் தமிழ் அகரவரிசையில் அடுக்க ஐசியு லைப்ரரி, சொல்லையும் பக்க எண்ணையும் சேமிக்க எஸ்கியூலைட் என்ற தரவுத்தள லைப்ரரி, எல்லாவற்றுக்கும் அடியில் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி. ஐசியு எதற்கு என்றால், யூனிகோட் எண் வரிசையை அப்படியே எடுத்தால் 'ந' முடிந்த கையோடு 'ன' வந்து நிற்கும். தமிழ் வரிசையில் அது கடைசி எழுத்து.

இதைப் பயன்படுத்துகிறவர்கள் மெய்ப்புத் திருத்துபவர்களும் பக்க வடிவமைப்பாளர்களும். அவர்களுடைய கணினிகளில் உபுண்டு 20.04, 22.04, டெபியன் 11, 12 என்று நான்கு விதம் இருந்தன. நான்கிலும் டெப் ஃபைலை (டெபியனும் உபுண்டுவும் ஏற்கும் பேக்கேஜ் வடிவம்) நிறுவினால் ஓட வேண்டும், அடுத்த வருடம் சிஸ்டத்தை மேம்படுத்தினாலும் உடையக் கூடாது. இதற்காகப் பேக்கேஜின் விவரங்களைச் சொல்லும் கன்ட்ரோல் ஃபைலில் சார்பு வரியை, அதாவது வேறு எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பில் வேண்டும் என்று சொல்லும் வரியை, எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்த வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன். எது எங்கே பொருந்துகிறது என்று சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு, சம அடையாளம் போட்டது. என் கணினியில் நன்றாக ஓடிய எஸ்கியூலைட் பதிப்பு எதுவோ, அதையே எழுதினேன்: லிப்எஸ்கியூலைட்3-0 (= 3.31.1-4ubuntu0.2). சோதித்த பதிப்பு அதுதான், வேறு எதற்கும் நான் பொறுப்பேற்க முடியாது என்பது அப்போதைய நியாயம். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? எஸ்கியூலைட்டுக்கு உபுண்டுவின் பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது கடைசி எண் மாறியது. பேக்கேஜ்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான ஆப்ட்டில் மேம்படுத்தலை ஓட்டினால், 'இந்தப் பேக்கேஜ்கள் நிறுத்தி வைக்கப்பட்டன' என்று ஒரு வரி காட்டிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடும். சாதாரண மேம்படுத்தல் எதையும் நீக்காது. என் பேக்கேஜை நீக்காமல் புதிய எஸ்கியூலைட்டைப் போட முடியாததால் பழையதையே வைத்துக்கொண்டது. தானாக ஓடும் பாதுகாப்பு மேம்படுத்தலும் அப்படியே தாண்டிப் போனது. சொல்லடைவு போடும் ஒரு நிரலுக்காக, அந்தக் கணினியில் எஸ்கியூலைட்டை நம்பியிருந்த எல்லா நிரல்களும் ஓட்டை அடைபடாமல் மாதக்கணக்கில் ஓடின. யாரும் புகார் சொல்லவில்லை. சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. வேறு வேலையாக ஒரு கணினியைத் திறந்தபோதுதான் அந்த வரியைப் பார்த்தேன். இப்போதும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. அடுத்தவர் வெளியிடும் பேக்கேஜுக்குச் சம அடையாளம் போடாதீர்கள். அதற்கு உரிய இடம் ஒன்றுதான்: ஒரே மூலத்திலிருந்து பிறக்கும் உங்களுடைய சொந்தப் பேக்கேஜ்களுக்கு இடையே. நிரல் ஒரு பேக்கேஜ், அதன் லைப்ரரி இன்னொரு பேக்கேஜ் என்று பிரித்திருந்தால் இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். அங்கேகூட எண்ணைக் கையால் எழுதாமல், பைனரி:வெர்ஷன் என்ற மாறியை வையுங்கள்; கட்டும்போது அதுவே நிரம்பிக்கொள்ளும்.

அடுத்த வழி, 'இதற்குக் குறையாமல்' என்று கீழ் எல்லை மட்டும் போடுவது. பெரும்பாலோர் செய்வது இதுதான். நல்ல வழிதான், ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் கவனம் வேண்டும். என் கணினியில் 3.37 இருக்கிறது, ஆகவே 3.37 என்று எழுதினால் காரணமே இல்லாமல் டெபியன் 11 பயனரை வெளியே நிறுத்துகிறேன். தேவை எது என்று பார்த்துத்தான் எண் போட வேண்டும். நம் கையில் இருப்பது எது என்பது அங்கே கணக்கில் வராது.

தேவையை யார் கண்டுபிடிப்பது? சி, சி++ நிரல்களைப் பொறுத்தவரை டெபியனில் அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் என்று பெயர். சார்பு வரியில் ஷ்லிப்ஸ்:டிபெண்ட்ஸ் என்ற மாறியை வைத்துவிட்டால், கட்டும்போது இது நிரலின் பைனரியைத் திறந்து எந்தெந்த லைப்ரரியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கிறது. அப்புறம் அந்த லைப்ரரியின் சிம்பல்ஸ் ஃபைலுக்குப் போகிறது. எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எந்தப் பதிப்பில் முதலில் வந்தது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். நம் நிரல் அழைக்கும் செயற்கூறுகளில் எது கடைசியாக வந்ததோ, அதன் பதிப்பே கீழ் எல்லை. கையால் செய்தால் ஒரு நாள் பிடிக்கும் வேலையை நொடியில் முடித்துவிடும். நம்மைப் போல் பயந்துகொண்டு எண்ணை உயர்த்தவும் செய்யாது.

எனவே பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்ட் லைப்ரரிகளுக்குக் கருவியை நம்புவதே என் தேர்வு. ஆனால் அதன் கண்ணுக்கு எட்டாத விஷயங்கள் உண்டு. எஸ்கியூலைட் விஷயத்தில் அதை நேரில் பார்த்தேன்.

எஸ்கியூலைட்3 2004-ல் வந்தது. அன்றிலிருந்து அதன் எஸ்ஓநேம், அதாவது நிரல்கள் ஓடும்போது அந்த லைப்ரரியைத் தேடும் பெயர், மாறவே இல்லை. திறக்க, தயார் செய்ய, ஓட்ட, மூட என்று நான் அழைக்கும் செயற்கூறுகள் எல்லாமே பழையவை. கருவி எனக்குக் கொடுத்த கீழ் எல்லை 3.5.9, அதாவது 2008-ல் வந்த பதிப்பு. சிம்பல் (செயற்கூறின் பெயர்) கணக்கில் அது சரிதான். ஆனால் என் நிரலுக்குள் ஒரு எஸ்கியூஎல் வாக்கியம் இருந்தது: சொல்லைச் சேர்த்த கையோடு அதன் வரிசை எண்ணை ரிட்டர்னிங் என்று கேட்கிற வாக்கியம். அந்த ரிட்டர்னிங், மார்ச் 2021-ல் வந்த 3.35.0 பதிப்பில்தான் சேர்ந்தது. கருவியின் பார்வையில் அந்த வாக்கியம் வெறும் எழுத்துக் கோவை. டெபியன் 11-ல் இருப்பது 3.34.1. ஒரே ஒரு படி குறைவு. பேக்கேஜ் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் நிறுவப்பட்டது, நிரல் திறந்தது, முதல் சொல்லைச் சேர்த்ததும் 'ரிட்டர்னிங் அருகே இலக்கணப் பிழை' என்று நின்றது. நிறுவ மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாதி வேலையில் நிற்பது அதைவிட மோசம்.

இங்கே கையால் எழுதித்தான் ஆக வேண்டும்: லிப்எஸ்கியூலைட்3-0 (>= 3.35~). கடைசியில் இருக்கும் அலைக்குறி, 3.35-இன் பேக்போர்ட் (பழைய வெளியீட்டுக்காக மறுபடி கட்டிய) பதிப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. அலைக்குறி உள்ள எண் அது இல்லாத எண்ணைவிடச் சிறியது என்பது டெப் ஃபைல்களை நிறுவும் டிபிகேஜியின் கணக்கு. மாறியும் கையால் எழுதிய வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழப்பம் வராது, இரண்டில் கடுமையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டும் கருவியே உதிர்த்துவிடும்.

இதே வகையில் சேர்பவை: பைத்தான் ஸ்கிரிப்ட் அழைக்கும் மாட்யூல்கள், நிரல் ஓடும்போது ஷெல் வழியாகக் கூப்பிடும் கட்டளைகள், டிஎல்ஓப்பன் வழியாக ஓட்டத்தின் நடுவில் திறக்கும் லைப்ரரிகள். இவை எதுவும் பைனரியின் இணைப்புப் பட்டியலில் வராது. உங்கள் நிரலில் இப்படி என்னென்ன இருக்கின்றன என்று ஒரு முறை உட்கார்ந்து தேடிப் பாருங்கள்.

கையால் எழுதும்போது ஒரு பொறி உண்டு. டெபியனில் இசட்லிப் பேக்கேஜின் முழுப் பதிப்பு எண் 1:1.2.11 என்ற வடிவில் இருக்கும். முன்னால் நிற்கும் '1:' என்பதுதான் எபோக். அதை விட்டுவிட்டு (>= 1.3) என்று எழுதினால், 1.2.11 இருக்கும் கணினியிலும் அது நிறைவேறிவிடும். எபோக் எழுதாத எண்ணுக்கு எபோக் பூஜ்யம். பூஜ்யத்தைவிட ஒன்று பெரிது. மீதி எண்களை யாரும் பார்ப்பதே இல்லை. வரி இருக்கும், காவல் இருக்காது. எழுதுவதற்கு முன் டிபிகேஜி காட்டும் முழு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் எல்லை போடலாமா, அதாவது 'நான்காம் பதிப்புக்குக் கீழே மட்டும்' என்று? ஷேர்ட் லைப்ரரிகளுக்குத் தேவையில்லை. உடைக்கும் மாற்றம் வந்தால் எஸ்ஓநேம் மாறும், அதோடு பேக்கேஜின் பெயரும் மாறும், லிப்எஸ்எஸ்எல்1.1 போய் லிப்எஸ்எஸ்எல்3 வந்தது அப்படித்தான். பெயரே மேல் எல்லையாக நிற்கிறது. சி-யில் எழுதிய பைத்தான் எக்ஸ்டென்ஷன் வேறு கதை. 3.11-க்குக் கட்டியதைப் பொதுவாக 3.12 ஏற்றாது; அதற்கான மேல் எல்லையை டிஹெச்-பைத்தான்3 கருவியே போட்டுவிடும். நாளை வரப்போகிற பதிப்பு உடைக்குமோ என்ற பயத்தில் கையால் மேல் எல்லை போடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உடைந்தது என்று கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள், பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்.

இனி ஐசியு. இதன் குணம் எஸ்கியூலைட்டுக்கு நேர் எதிர். வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்பு வரும், ஒவ்வொன்றிலும் எஸ்ஓநேம் மாறும். உபுண்டு 20.04-ல் லிப்ஐசியு66, டெபியன் 11-ல் 67, உபுண்டு 22.04-ல் 70, டெபியன் 12-ல் 72. என் நான்கு கணினிகளுக்கு நான்கு ஐசியு. போதாக்குறைக்கு ஒவ்வொரு செயற்கூறின் பெயருக்குப் பின்னாலும் பதிப்பு எண் ஒட்டியிருக்கும். 66-ல் கட்டிய நிரல் தேடும் பெயர் 70-ல் கிடையாது.

இங்கே பலருக்கும் தோன்றும் குறுக்கு வழி எனக்கும் தோன்றியது: சார்பு வரியில் லிப்ஐசியு66 அல்லது 70 அல்லது 72 என்று செங்குத்துக் கோடு போட்டு அடுக்கிவிடுவது. பேக்கேஜ் எல்லா இடத்திலும் நிறுவப்படும். ஓடாது. லிப்ஐசியுஐ18என்.எஸ்ஓ.66 கிடைக்கவில்லை என்று, நிரலைத் தொடங்கிவைக்கும் லோடர் நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல் நிரலுக்கான டெப் பேக்கேஜில் இப்படி நீண்ட ஐசியு வரிசை இருப்பதைப் பார்த்து, நமக்கும் சரியாக வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. பவர்ஷெல், டாட்நெட் என்ற தளத்தின் மேல் ஓடுகிறது. டாட்நெட், ஐசியுவோடு கட்டும்போதே இணைவதில்லை. ஓடும்போது எந்தப் பதிப்பு இருக்கிறது என்று தேடி, பெயரோடு எண்ணை ஒட்டி அழைக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு அந்த வரி உண்மை. சாதாரணமாக இணைத்துக் கட்டியவருக்கு அது பொய்.

ஆக, ஐசியு விஷயத்தில் சார்பு வரியை எப்படி எழுதினாலும் ஒரே டெப் நான்கு இடத்திலும் ஓடாது. மிச்சம் இருப்பவை இரண்டு: ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் (லினக்ஸ் வெளியீட்டுக்கும்) தனித்தனியாகக் கட்டுவது, அல்லது ஐசியுவை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவது.

உள்ளே சேர்த்துக் கட்டினால் ஒரே ஃபைல், எங்கும் நிறுவலாம். ஐசியுவின் தரவு லைப்ரரி மட்டுமே சுமார் 30 எம்பி. இன்று அதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. எனக்கு உறுத்தியது வேறு. உள்ளே எடுத்துக்கொண்ட அன்றே அந்த லைப்ரரியின் பாதுகாப்புக்கு நான் பொறுப்பாளி ஆகிறேன். செப்டம்பர் 2023-ல் படங்களைக் கையாளும் லிப்வெப்பி லைப்ரரியில் பெரிய ஓட்டை வெளிவந்தது. டிஸ்ட்ரோவின் லைப்ரரியைப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரு மேம்படுத்தலோடு வேலை முடிந்தது. அதன் நகலை உள்ளே வைத்திருந்த நிரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப் பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது. டெபியனின் கொள்கை ஆவணம் இப்படி நகல் வைப்பதைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். முழுநேரக் குழு இருந்தால் சமாளிக்கலாம். மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்கிற என்னைப் போன்றவர்கள் இந்தச் சுமையை ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் பேக்கேஜ் முறையான ஃப்ளாட்பேக் இதற்கு நடுவே நிற்கும் வழி. அதற்கு அடியில் இருக்கும் பொது லைப்ரரித் தொகுப்பான ஃப்ரீடெஸ்க்டாப் ரன்டைம் 23.08, 24.08 என்று ஆண்டும் மாதமும் வைத்து வருகிறது; அதில் ஒன்றைத் தேர்ந்தால் அடியில் இருக்கும் லைப்ரரிகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜன்னலோடு திறக்கும் பெரிய செயலிக்கு நன்றாகப் பொருந்தும். என் நிரலைப் பயனர்கள் மற்ற ஸ்கிரிப்ட்களிலிருந்து கட்டளை வரியாக அழைப்பார்கள், எந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைலையும் கொடுப்பார்கள். அதற்கு ஃப்ளாட்பேக்கின் வேலிகள் இடைஞ்சல்.

தனித்தனியாகக் கட்டுவதைத்தான் தேர்ந்தேன். ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு சுத்தமான கன்டெய்னர் (கணினிக்குள் தனியாக ஓடும் சிறு சிஸ்டம்), உள்ளே அதே மூலம், அதே கன்ட்ரோல் ஃபைல். ஐசியுவின் பெயரை எங்கும் கையால் எழுதுவதில்லை; ஒவ்வொரு கன்டெய்னரிலும் கருவியே சரியான பெயரைப் போட்டுக்கொள்கிறது. பதிப்பு எண்ணின் கடைசியில் ~டெப்11+1, ~டெப்12+1 என்று வால் வைக்கிறேன். டெபியன் 12-க்கு மாறும் பயனரிடம் பழைய டெப் இருந்தாலும் புதியது எண்ணில் பெரிது என்பதால் ஆப்ட் தானாக மாற்றிவிடும். வால் இல்லாமல் நான்குக்கும் ஒரே எண் வைத்தபோது, பழைய ஐசியுவோடு கட்டியதே கணினியில் தங்கிவிட்டது.

கன்டெய்னரில் கட்டுவதில் இன்னொரு லாபம், ஜிலிப்சி தொல்லையும் அதோடு தீர்கிறது. ஜிலிப்சி 2.34-இல், நிரல் தொடங்கும்போது அழைக்கப்படும் ஆரம்பச் செயற்கூறுக்கே புதிய பதிப்பு முத்திரை வந்தது. அதனால் 2.35 உள்ள உபுண்டு 22.04-ல் வெறும் 'வணக்கம்' அச்சிடும் சி நிரலைக் கட்டினால்கூட, 2.31 உள்ள உபுண்டு 20.04-ல் அது ஓடாது. புதிய கணினியில் கட்டிப் பழையதற்கு அனுப்புவது இதனாலேயே நடக்காத காரியம். ஐசியு போன்ற லைப்ரரி உங்கள் நிரலில் இல்லை என்றால் வேலை இன்னும் எளிது: ஆதரிக்கிற டிஸ்ட்ரோக்களில் மிகப் பழையதில் ஒரே ஒரு முறை கட்டினால் போதும். பைத்தான் உலகில் மெனிலினக்ஸ்2014 வகை வீல் பேக்கேஜ்களைச் சென்ட்ஓஎஸ் 7-இன் மேல், ஜிலிப்சி 2.17-ஓடு கட்டுவதும் இதே கணக்குதான்.

ஃபெடோரா பக்கம் போனால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்குள்ள பேக்கேஜ் முறையான ஆர்பிஎம்மும் எஸ்ஓநேமைத் தானாக எடுத்துக்கொள்ளும், ஜிலிப்சியின் முத்திரைகளையும் சேர்த்தே எழுதும். ஆனால் எஸ்கியூலைட் போலச் சிம்பல்களுக்கு முத்திரை வைக்காத லைப்ரரிக்கு, டெபியனின் சிம்பல்ஸ் ஃபைல் தரும் கீழ் எல்லை அங்கே கிடைக்காது. கையால் எழுத வேண்டியவை அங்கே அதிகம். ஆர்ச் லினக்ஸில் பதிப்பு எண் எழுதும் அவசியம் குறைவு. பாதி மட்டும் மேம்படுத்திய சிஸ்டத்தை அவர்கள் ஆதரிப்பதே இல்லை, எல்லோரிடமும் ஒரே பதிப்புதான் இருக்கும்.

சார்பு வரியால் சொல்லவே முடியாத ஒன்றும் இருக்கிறது. 2018-ல் ஜிலிப்சி 2.28 வந்தபோது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறியது. எஸ்ஓநேம் மாறவில்லை, எந்தச் செயற்கூறும் மறையவில்லை. ஆனால் பழைய வரிசையில் கட்டிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இன்டெக்ஸ்கள் புதிய சிஸ்டத்தில் தவறான விடை தந்தன. மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஐசியுவிலும் பதிப்புக்குப் பதிப்பு வரிசை விதி மாறலாம். என் நிரலின் வேலையே வரிசைப்படுத்துவது என்பதால், வரிசைப்படுத்திய சொல்லடைவோடு எந்தக் கொலேஷன் (வரிசை விதி) பதிப்பில் அடுக்கியது என்பதையும் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை திறக்கும்போது எண் வேறாக இருந்தால் முழுவதையும் மறுபடி அடுக்கிவிடும்.

கடைசியாக, டெபியன் 11-ல் ரிட்டர்னிங் இல்லாத பிரச்சினைக்கு வருகிறேன். 3.35 என்று கீழ் எல்லை போட்டதும் டெபியன் 11-லும் உபுண்டு 20.04-லும் பேக்கேஜ் நிறுவ மறுத்தது. வரி உண்மையைச் சொல்கிறது, சரி. ஆனால் அந்தக் கணினிகளை வைத்திருந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்? அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்து, சேர்ப்பது தனி, கடைசி வரிசை எண்ணைக் கேட்பது தனி என்று எழுதினேன். ஆறு வரி மாற்றம். அதற்குப் பிறகு என் நிரலுக்கு மிஞ்சிய புதிய தேவை, இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர் என்கிற அப்சர்ட் மட்டும். அது 3.24-இல், 2018-லேயே வந்துவிட்டது. கீழ் எல்லையை 3.24~ என்று இறக்கினேன். நான்கு கணினிகளிலும் நிறுவப்பட்டது, நான்கிலும் ஓடியது. அந்த வரிக்கு மேலே கன்ட்ரோல் ஃபைலில் ஹாஷ் குறி போட்டு, எந்த வாக்கியத்துக்காக இந்த எண் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், ஆதரிக்கும் டிஸ்ட்ரோக்களில் மிகப் பழையதன் வெறும் கன்டெய்னரைத் திறந்து டெப்பை நிறுவி, பத்துச் சொல் சேர்த்து, அடுக்கி, அழித்துப் பார்க்கிறேன். நிறுவப்பட்டதோடு நிறுத்துவதில்லை.